மண்கட்டி வீட்டுக் கடிதங்களும் நில அலுவலகத் தாள்களும்: சேர்த்துப் படிப்பது எப்படி

1870 முதல் 1900 வரை அமெரிக்காவின் நெப்ராஸ்கா, கான்சாஸ், டகோட்டா சமவெளிகளில் குடியேறிய உழவர் குடும்பங்களைப் பற்றி நமக்குக் கிடைப்பவை பெரும்பாலும் இரண்டு வகைத் தாள்கள். ஒன்று, ஒஹையோவிலோ இண்டியானாவிலோ விட்டுவந்த பெற்றோருக்கும் உடன்பிறந்தாருக்கும் அவர்கள் எழுதிய கடிதங்கள். மற்றொன்று, நிலம் கேட்டு அரசு அலுவலகத்தில் கொடுத்த படிவங்கள், வாக்குமூலங்கள், பிறகு வந்த கிரய, அடமானப் பத்திரங்கள். கடிதங்களைக் குடும்பத்தாரும் எழுத்தாளர்களும் படிக்கிறார்கள். பத்திரங்களை வம்சாவளி தேடுவோர் படிக்கிறார்கள். இரண்டையும் ஒரே மேசையில் விரித்துவைத்துப் படிப்பவர்கள் குறைவு. கடிதம் ஏன் போனார்கள், எப்படித் தாக்குப்பிடித்தார்கள் என்று சொல்லும்; எந்த இடம் என்று சொல்லாது. பத்திரம் இடத்தை அடி பிசகாமல் சொல்லும். மற்ற எல்லாவற்றிலும் சட்டம் கேட்ட கேள்விக்குச் சட்டத்துக்கு ஏற்ற பதிலைத்தான் சொல்லும். ஒன்றின் ஓட்டையை மற்றொன்றால் அடைப்பதுதான் இந்த வேலை.

கையில் கடிதக் கட்டு ஏதும் இல்லாதவர்களும் பழகிக்கொள்ளலாம். யூரையா ஆப்ளிங்கர் குடும்பத்தார் நெப்ராஸ்காவின் ஃபில்மோர் கவுண்டியிலிருந்து (கவுண்டி நம் மாவட்டம் போன்றது) 1870களில் எழுதிய கடிதங்கள் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கணவன் முன்னே போய் நிலம் பிடிப்பது, மனைவி பின்னே வருவது, முதல் வீடு, முதல் உழவு எல்லாம் அதில் இருக்கின்றன. பயிற்சிக்கு அதைவிட நல்ல தொகுப்பைச் சொல்வது கடினம்.

தாளைத் தொடுவதற்கு முன்

மூலக் கடிதங்கள் உங்களிடமே இருந்தால் சில விஷயங்களில் அவசரம் கூடாது. அந்தக் காலத்து மை பெரும்பாலும் இரும்பும் கடுக்காய் போன்ற துவர்ப்புப் பொருளும் சேர்த்துக் காய்ச்சியது. எழுதும்போது கறுப்பாக இருந்து நாளடைவில் பழுப்பாகும். அதிலுள்ள அமிலம் தாளையே அரிக்கும். மடிந்த தாளை விரிக்க நீராவி காட்டுவது, ஈரத்துணி வைப்பது போன்ற வீட்டு வைத்தியம் இந்த மைக்கு ஆகாது. ஈரம் பட்டால் மையிலுள்ள இரும்பு பக்கத்துத் தாளுக்கும் பரவி அரிப்பைக் கூட்டும். உலர்ந்த நிலையிலேயே மெல்ல விரித்து, சுத்தமான தாள் இரண்டுக்கு நடுவே வைத்து, மேலே லேசான எடை வைத்துச் சில நாள் விடுங்கள். மடிப்பில் விரிசல் இருந்தால் அதற்குமேல் போகாதீர்கள்.

கையுறை வேண்டாம்; கழுவித் துடைத்து உலர்ந்த கைதான் நல்லது. துணிக் கையுறையில் விரல் நுனியின் உணர்வு மங்கி ஓரங்கள் கிழியும். செல்லோ டேப், லேமினேஷன், இரும்புக் கிளிப், ரப்பர் பேண்டு நான்கும் தள்ளுபடி. அமிலமற்ற காகித உறையில் வைத்து, ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கும் அறையில் வையுங்கள். பென்சிலால் எழுதிய கடிதங்களைப் பிளாஸ்டிக் உறையில் போடாதீர்கள். நிலைமின்சாரம் பென்சில் தூளை இழுத்துவிடும்.

ஸ்கேன் 400 பிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை பிக்சல்) போதும். சிறிய எழுத்துக்கு 600. டிஃப் கோப்பாகச் சேமியுங்கள். உறையின் முன்பக்கம், பின்பக்கம், கடிதத்தின் வெற்றுப் பக்கம் உட்பட எல்லாவற்றையும் எடுங்கள். பலர் உறையை விட்டுவிடுகிறார்கள்; தேதி கண்டுபிடிக்கும்போது முதலில் தேவைப்படுவது அதுதான். மங்கிய எழுத்துக்கு, விளக்கை மேலிருந்து காட்டாமல் தாளின் ஓரத்தில் கிட்டத்தட்டப் படுக்கையாகக் காட்டினால் பேனா அழுத்திய தடம் நிழலாகத் தெரியும்.

படியெடுத்தல்

வரிக்கு வரி அப்படியே எழுதுங்கள். பிழைகளைத் திருத்தாதீர்கள். அரைகுறைப் பள்ளிப்படிப்பு உள்ளவர்கள் ஒலிக்கேற்ப எழுதியிருப்பார்கள். அந்த எழுத்துப்பிழையே பிறகு நில அட்டவணையில் பெயரைத் தேடும்போது உதவும். புரியாத சொல்லுக்குச் சதுர அடைப்புக்குறிக்குள் கேள்விக்குறி போட்டு நகருங்கள். ஒரே கையெழுத்தில் பத்துப் பக்கம் படித்தபின் திரும்பி வந்தால் பாதிக்குமேல் தானாக விளங்கிவிடும்.

அடிக்கடி தடுக்கும் இடங்கள் சில. இரட்டை எஸ் வரும் சொற்களில் முதல் எஸ்ஸை நீளமாக இழுத்து எழுதும் பழக்கம் வயதானவர்களிடம் 1870களிலும் இருந்தது. அது எஃப் போலவோ பி போலவோ தெரியும். பெயர்களைச் சுருக்கி எழுதுவார்கள். ஜே, என், ஓ என்று மூன்று எழுத்து மட்டும் இருந்தால் ஜான். டபிள்யூ, எம் என்றால் வில்லியம். சி, எச், ஏ, எஸ் என்றால் சார்லஸ். தாளை மிச்சம் பிடிக்க, எழுதி முடித்த பக்கத்தைக் குறுக்கே திருப்பி அதன்மேலேயே மறுபடி எழுதியிருப்பார்கள். அப்படிப்பட்ட பக்கத்தை ஸ்கேன் படத்தில் ஒருமுறை நேராகவும் ஒருமுறை 90 பாகை திருப்பியும் படியுங்கள். கண் ஒரு திசைக்குப் பழகியதும் மற்ற வரிகள் பின்னால் போய்விடும்.

உறவுச் சொற்களில் கவனம் வேண்டும். ‘அம்மா’ என்று எழுதியிருப்பது மாமியாராக இருக்கலாம். ‘சகோதரர்’ என்பது மைத்துனராகவோ ஒரே சர்ச்சைச் சேர்ந்தவராகவோ இருக்கலாம். நிலப்பதிவில் சாட்சியாக வரும்போதுதான் அவர் யாரென்று தெளிவாகும். அதுவரை குடும்ப மரத்தில் ஏற்றாதீர்கள்.

தேதியில்லாக் கடிதத்துக்குத் தேதி

கடிதத்தில் ‘உங்கள் 4 இன்ஸ்ட். கடிதம் கிடைத்தது’ என்று வரும். இன்ஸ்ட். என்றால் நடப்பு மாதம், அல்ட். என்றால் போன மாதம், ப்ராக்ஸ். என்றால் அடுத்த மாதம். இதைத் தெரிந்துகொண்டால் பதில் கடிதங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துவிடலாம்.

ஆண்டு இல்லாமல் நாளும் கிழமையும் மட்டும் இருந்தால் அது பெரிய கொடை. எடுத்துக்காட்டாக, கடிதத்தின் தலைப்பில் ‘ஜனவரி 15, ஞாயிறு’ என்று மட்டும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 1880க்கும் 1900க்கும் நடுவே ஜனவரி 15 ஞாயிறாக வந்த ஆண்டுகள் நான்கே: 1882, 1888, 1893, 1899. இனி உறையைப் பாருங்கள். 1883 அக்டோபர் 1 வரை அரை அவுன்ஸ் கடிதத்துக்கு மூன்று சென்ட் தபால்தலை. அதன்பின் இரண்டு சென்ட். உறையில் இரண்டு சென்ட் தலை ஒன்றுதான் இருந்தால் 1882 கழிந்தது. அது பச்சை நிற இரண்டு சென்ட் வாஷிங்டன் தலை என்றால் 1887இல் வெளிவந்தது. 1890இல் சிவப்புத் தலைக்கு மாறிவிட்டார்கள். மிச்சம் 1888. கடிதத்தில் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பிய பிள்ளைகள் பனிப்புயலில் மாட்டியது பற்றி ஒரு வரி இருந்துவிட்டால் சந்தேகமே இல்லை: 1888 ஜனவரி 12, வியாழக்கிழமை, நெப்ராஸ்காவையும் டகோட்டாவையும் அடித்த பெரும் பனிப்புயல் அது.

பருவச் செய்திகளும் இப்படியே உதவும். வெட்டுக்கிளி பயிரைத் தின்றது என்றால் 1874ஐ முதலில் பாருங்கள். கடும் வறட்சி என்றால் 1890, 1894. ஆனால் வறட்சியை வைத்து மட்டும் ஆண்டைத் தீர்மானிக்காதீர்கள். மேற்கு நெப்ராஸ்காவில் உள்ளூர் வறட்சி அடிக்கடி வந்திருக்கிறது. இன்னொரு பொறி: ஜனவரியில் எழுதுபவர்கள் பழைய ஆண்டையே போட்டுவிடுவார்கள். ஆண்டு எழுதியிருந்தாலும் ஜனவரி, பிப்ரவரி கடிதங்களுக்குக் கிழமையைச் சரிபாருங்கள்.

நிலச்சட்டம், தேவையான அளவு

ஹோம்ஸ்டெட் சட்டம் 1862 மே 20 அன்று கையெழுத்தாகி 1863 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 21 வயது நிரம்பியவரோ குடும்பத் தலைவரோ 160 ஏக்கர் வரை கேட்கலாம். குடிமகனாக இருக்க வேண்டும், அல்லது குடிமகனாவேன் என்று உறுதிமொழிப் பத்திரம் கொடுத்திருக்க வேண்டும். ஐந்து ஆண்டுகள் அங்கேயே குடியிருந்து பயிரிட்டு, விண்ணப்பித்த ஏழு ஆண்டுகளுக்குள் அதை நிரூபித்தால் நிலம் சொந்தம். கட்டணம் எல்லாம் சேர்த்துப் பெரும்பாலும் 18 டாலர். பொறுக்க முடியாதவர்கள் ஆறு மாதக் குடியிருப்புக்குப் பின் ஏக்கருக்கு 1.25 டாலர் கட்டி உடனே வாங்கிக்கொள்ளலாம். 1891இல் அந்த ஆறு மாதத்தைப் பதினான்கு மாதமாக்கினார்கள். முன்னாள் படைவீரர்களுக்கு 1872 சட்டப்படி படைப்பணிக் காலம் ஐந்தாண்டில் கழித்துக்கொள்ளப்பட்டது. எப்படியும் ஓராண்டாவது குடியிருக்க வேண்டும்.

ஹோம்ஸ்டெட் மட்டுமே வழி அல்ல. 1841இன் முன்னுரிமைச் சட்டப்படி 160 ஏக்கரை விலைக்கு வாங்கலாம். 1873இன் மரவளர்ப்புச் சட்டப்படி மரம் நட்டு இன்னொரு 160 ஏக்கர் பெறலாம். முதலில் 40 ஏக்கரில் மரம் என்றார்கள், 1878இல் 10 ஏக்கராகக் குறைத்தார்கள். இரண்டும் 1891இல் நீக்கப்பட்டன. ஆகவே கடிதத்தில் ‘என் இரண்டு நிலம்’ என்று வந்தால் ஒருவரே இரண்டு சட்டத்தின் கீழ் எடுத்திருக்கலாம். இரண்டுக்கும் தனித்தனிக் கோப்பு உண்டு.

நில விவரத்தைப் படிக்கும் முறை

இந்தப் பகுதியில் தடுமாறுகிறவர்கள்தான் அதிகம். ஒருமுறை காகிதத்தில் வரைந்துபார்த்துவிட்டால் பிறகு மறக்காது.

அளவுக்கோடுகளின் பின்னல் வடக்கு தெற்காக ஓடும் ஒரு நெடுங்கோட்டிலும் கிழக்கு மேற்காக ஓடும் ஒரு அடிக்கோட்டிலும் தொடங்குகிறது. நெப்ராஸ்காவும் கான்சாஸும் ஆறாம் முதன்மை நெடுங்கோட்டைச் சேர்ந்தவை. அதன் அடிக்கோடு 40ஆம் அட்சரேகை, அதாவது அந்த இரு மாநிலங்களின் எல்லை. மினசோட்டாவின் பெரும்பகுதியும் வடக்கு டகோட்டாவும் ஐந்தாம் முதன்மை நெடுங்கோடு. அடிக்கோட்டிலிருந்து வடக்கேயும் தெற்கேயும் ஆறு மைலுக்கு ஒரு டவுன்ஷிப் வரிசை. நெடுங்கோட்டிலிருந்து கிழக்கு மேற்காக ஆறு மைலுக்கு ஒரு ரேஞ்ச். ஆறு மைலுக்கு ஆறு மைல் சதுரம் ஒரு டவுன்ஷிப். அதற்குள் ஒரு சதுர மைல் அளவில் 36 செக்‌ஷன்கள்; ஒவ்வொன்றும் 640 ஏக்கர். எண்கள் வடகிழக்கு மூலையில் 1இல் தொடங்கி மேற்கே 6 வரை போகும். கீழ்வரிசையில் 7 அந்த 6க்கு நேர் கீழே தொடங்கிக் கிழக்கே 12 வரை போகும். இப்படியே ஏர் உழுகிற மாதிரி மடங்கி மடங்கித் தென்கிழக்கு மூலையில் 36இல் முடியும்.

இப்போது ஒரு மாதிரி விவரம்: ‘வடமேற்குக் கால், செக்‌ஷன் 14, டவுன்ஷிப் 17 வடக்கு, ரேஞ்ச் 21 மேற்கு, ஆறாம் முதன்மை நெடுங்கோடு.’ இதைப் பின்னாலிருந்து முன்னால் படிக்க வேண்டும். நெப்ராஸ்காவின் தெற்கு எல்லையிலிருந்து வடக்கே 96 மைலுக்கும் 102 மைலுக்கும் நடுவே, நெடுங்கோட்டிலிருந்து மேற்கே 120 மைலுக்கும் 126 மைலுக்கும் நடுவே உள்ள டவுன்ஷிப்; கஸ்டர் கவுண்டிப் பக்கம். அதில் மேலிருந்து மூன்றாம் வரிசையில், கிழக்கு ஓரத்திலிருந்து இரண்டாம் சதுரம் செக்‌ஷன் 14. அதன் வடமேற்குக் கால் பகுதி, அரை மைலுக்கு அரை மைல், 160 ஏக்கர். காலுக்குள் கால் என்றால் 40 ஏக்கர். ‘வடகிழக்குக் காலின் தெற்குப் பாதி’ என்றால் 80. கடிதங்களில் ‘குவார்ட்டர்’, ‘எய்ட்டி’, ‘ஃபார்ட்டி’ என்று பேச்சுவழக்கில் வருவது இவைதாம்.

தவறு நடக்கும் இடங்கள்: கையெழுத்தில் வடக்கைக் குறிக்கும் ‘என்’ எழுத்தும் மேற்கைக் குறிக்கும் ‘டபிள்யூ’ எழுத்தும் ஒன்றுபோல் இருக்கும். 14ஐ 17 என்றும் 21ஐ 27 என்றும் படித்துவிடுவது சகஜம். பரப்பு 160 என்று முழுதாக இல்லாமல் 157.62 என்பதுபோல் இருந்தால் பிழை என்று எண்ணாதீர்கள். அளவையில் வந்த பிசகையெல்லாம் டவுன்ஷிப்பின் வடக்கு ஓரச் செக்‌ஷன்கள் 1 முதல் 6 வரையிலும், மேற்கு ஓரச் செக்‌ஷன்கள் 6, 7, 18, 19, 30, 31லும் தள்ளிவிடுவது விதி. அங்கே துண்டுகளுக்கு ‘லாட்’ என்று எண் கொடுத்தார்கள். ஆற்றங்கரை நிலமும் அப்படியே. இந்த ஒழுங்கற்ற பரப்பே நிலம் எந்த ஓரத்தில் இருந்தது என்பதற்குத் துப்பு.

செக்‌ஷன் எண்ணும் பேசும். 16, 36 இரண்டும் பள்ளிக்கூடத்துக்கு ஒதுக்கியவை. அவற்றில் ஹோம்ஸ்டெட் கிடையாது, மாநிலத்திடம் குத்தகைக்கோ விலைக்கோதான் கிடைக்கும். ரயில்வே மானியப் பகுதிகளில் ஒற்றைப்படைச் செக்‌ஷன்கள் கம்பெனிக்குப் போயின. ஆகவே ரயில்பாதைக்கு அருகே ஒற்றைப்படைச் செக்‌ஷனில் இருந்த குடும்பத்தைக் கூட்டரசு முதன்முதலாக நிலத்தை எழுதிக்கொடுத்த பட்டயங்களின் பட்டியலில் தேடி நாளை வீணாக்காதீர்கள். அவர்கள் ரயில்வேயிடம் தவணையில் வாங்கியவர்கள். பத்திரம் கவுண்டி அலுவலகத்தில் இருக்கும். பர்லிங்டன் ரயில்வேயின் ஆவணங்கள் சிகாகோவின் நியூபெரி நூலகத்தில் உள்ளன.

கடிதத்திலிருந்து நிலத்துக்கு

கடிதத்தின் தலைப்பில் இருக்கும் பெயர் ஊர்ப்பெயர் அல்ல, தபால் நிலையத்தின் பெயர். அந்தக் காலச் சமவெளியில் தபால் நிலையம் என்பது பெரும்பாலும் ஒரு உழவரின் வீட்டுக் கூடத்தில் இருந்த பெட்டி. அவர் நிலத்தை விற்றுப் போனால் தபால் நிலையமும் இடம் மாறும், சில சமயம் பெயரும் மாறும். இன்றைய வரைபடத்தில் தேடினால் கிடைக்காது. தேசிய ஆவணக் காப்பகத்தில் தபால் நிலைய அமைவிட அறிக்கைகள் இருக்கின்றன, நுண்படத் தொகுப்பு எம்1126. தபால் அலுவலர் தன் நிலையம் எந்தச் செக்‌ஷனில், எந்தக் காலில், எந்த ஓடையிலிருந்து எத்தனை மைல் என்று கைப்பட நிரப்பிக் கொடுத்த படிவங்கள் அவை. அதைப் பிடித்துவிட்டால் உங்கள் குடும்பத்தின் நிலம் பெரும்பாலும் அதைச் சுற்றிய சில மைலுக்குள் இருக்கும்.

கவுண்டியையும் அந்த ஆண்டின் எல்லைப்படி பாருங்கள். மேற்கு நெப்ராஸ்காவில் 1880களில் பெரிய கவுண்டிகளை உடைத்துப் புதியவை உண்டாக்கினார்கள். நிலம் நகரவில்லை, ஆனால் பத்திரம் பதிவான அலுவலகம் மாறியது.

அடுத்தது கூட்டரசு நில மேலாண்மைப் பணியகத்தின் ஜிஎல்ஓ ரெக்கார்ட்ஸ் இணையதளம். பட்டயங்களின் படங்கள் இலவசம். பெயரால் தேடிக் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் முதற்பெயரைக் காலியாக விடுங்கள், குடும்பப்பெயரின் எழுத்துகளை மாற்றிப் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் பெயரையே விட்டுவிடுங்கள். டவுன்ஷிப், ரேஞ்ச் எண்களை மட்டும் கொடுத்துத் தேடுங்கள். அந்த டவுன்ஷிப்பில் பட்டயம் பெற்ற அத்தனை பேரும் வந்து நிற்பார்கள். கடிதங்களில் வரும் அண்டை வீட்டார் பெயர்களை அந்தப் பட்டியலில் ஒவ்வொன்றாகக் குறியிடுங்கள். கிணறு வெட்ட வந்தவர், குதிரையை இரவல் கொடுத்தவர், பிரசவத்துக்கு வந்த பெண்ணின் கணவர் என்று நாலைந்து பேர் ஒரே மூலையில் சேர்ந்துவிட்டால், உங்கள் குடும்பத்தின் பெயர் தப்பாக எழுதப்பட்டிருந்தாலும் நிலம் அகப்பட்டுவிடும். பெயர்த் தேடலைவிட இந்த வழிதான் நம்பகமானது.

பட்டயத்தில் உள்ள தேதியைக் குடியேறிய தேதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நிரூபணம் முடிந்து உள்ளூர் நில அலுவலகம் இறுதிச் சான்று கொடுத்த பிறகு, வாஷிங்டனிலிருந்து பட்டயம் வர மேலும் ஓராண்டோ அதற்குமேலோ ஆகும். பட்டயம் 1891 என்றால் இறுதிச் சான்று 1889 அல்லது 1890, விண்ணப்பம் 1884 வாக்கில் என்று கணக்கிட்டு, கடிதக் கட்டில் 1884ஐத் திறந்து பாருங்கள். ஜனாதிபதி பெயரில் உள்ள கையெழுத்தும் ஜனாதிபதியுடையது அல்ல. அதற்கென்று நியமித்த செயலாளர் போட்டது.

பட்டயத்திலிருந்து மூன்றை எழுதிக்கொள்ளுங்கள்: நில அலுவலகத்தின் பெயர், இறுதிச் சான்று எண், முழு நில விவரம். 1908 ஜூலைக்கு முந்தைய கோப்புகள் இந்த எண்ணின் கீழ்தான் வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் அடுக்கப்பட்டிருக்கின்றன. விண்ணப்ப எண் வேறு, இறுதிச் சான்று எண் வேறு. விண்ணப்ப எண்ணைக் கொடுத்துக் கோப்புக் கேட்டால் வேறு யாருடைய தாளோ வரும், அல்லது இல்லை என்று பதில் வரும். நெப்ராஸ்காவின் ஹோம்ஸ்டெட் கோப்புகள் ஏற்கெனவே இணையத்தில் ஏற்றப்பட்டிருப்பதால் அந்த மாநிலத்துக்கு எழுதிக் கேட்பதற்கு முன் அங்கே பாருங்கள்.

கோப்புக்குள் என்ன இருக்கும்

பட்டயம் ஒரு தாள்தான். கோப்பில் பத்து முதல் முப்பது தாள் வரை இருக்கலாம். விண்ணப்பம், பிரமாணப் பத்திரம், பணம் கட்டிய ரசீதுகள், செய்தித்தாள் அறிவிப்பு, நிலம் பெறுபவரின் வாக்குமூலம், இரண்டு சாட்சிகளின் வாக்குமூலம், வெளிநாட்டில் பிறந்தவர் என்றால் குடியுரிமைத் தாள்களின் நகல். இந்தக் கடைசித் தாளுக்காகவே ஜெர்மானிய, சுவீடிய, செக் குடும்பங்களைத் தேடுவோர் கோப்பை வரவழைக்கிறார்கள்.

வாக்குமூலம் அச்சடித்த கேள்விகளுக்குக் கையால் நிரப்பிய பதில்கள். இந்த மாதிரி இருக்கும்: வயது 34; 1884 ஏப்ரலிலிருந்து குடியிருக்கிறேன்; மண்கட்டி வீடு, 16க்கு 24 அடி, பலகைத் தரை, இரண்டு கதவு, மூன்று சன்னல்; தொழுவம், கிணறு, முள்கம்பி வேலி அரை மைல்; 45 ஏக்கர் உழுதது, ஐந்து பருவம் விளைந்தது; மனைவியும் நான்கு பிள்ளைகளும்; நிலத்தைவிட்டு விலகியிருந்தீர்களா என்ற கேள்விக்கு ‘இல்லை’. வீட்டின் அளவையும் சன்னல் எண்ணிக்கையையும் கடிதத்தோடு ஒப்பிட்டால் எந்த ஆண்டு எந்த அறை சேர்ந்தது என்றுகூடச் சொல்லிவிடலாம். புல்வேரோடு உழுது பெயர்த்த மண்கட்டிகளை அடுக்கிக் கட்டிய வீட்டைப் பார்க்க வேண்டுமானால், 1886இலிருந்து சாலமன் புட்சர் கஸ்டர் கவுண்டியில் எடுத்த புகைப்படங்களைப் பாருங்கள். குடும்பம், மாடு, வண்டி, வீட்டுச் சாமான் எல்லாவற்றையும் வாசலில் நிறுத்தி எடுத்தவை.

‘இல்லை’ என்ற அந்த ஒரு பதிலில் மட்டும் நின்று யோசியுங்கள். ஆறு மாதத்துக்குமேல் விலகியிருந்தால் நிலத்தைக் கைவிட்டதாக யார் வேண்டுமானாலும் வழக்குப் போடலாம். அதனால் வாக்குமூலத்தில் யாரும் போனதாகச் சொல்வது குறைவு. கடிதங்களோ குளிர்காலம் முழுக்க ரயில்பாதை வேலைக்குப் போனதையும், மனைவி பிரசவத்துக்குத் தாய்வீடு போய் மூன்று மாதம் இருந்ததையும் வெளிப்படையாகச் சொல்லும். இப்படிப்பட்ட இடத்தில் குடியிருப்பு விஷயத்துக்குக் கடிதத்தை நம்புங்கள். ஏக்கர், எல்லை, நிலம் யார் பெயரில் என்பவற்றுக்குப் பத்திரத்தை நம்புங்கள். உழுத பரப்புக்கு இரண்டையும் சந்தேகியுங்கள்: ஊருக்கு எழுதும் மகன் கூட்டிச் சொல்வான், கடன் கேட்கிற மகன் குறைத்துச் சொல்வான். பொய் சாட்சி என்று குடும்பத்தைக் குற்றஞ்சாட்டவும் அவசரப்படாதீர்கள். மனைவி மக்கள் நிலத்தில் இருந்தவரை கணவன் கூலிக்குப் போனது சட்டப்படி விலகல் ஆகாது. 1874 வெட்டுக்கிளிக்குப் பிறகு பாதிக்கப்பட்டவர்கள் சிலகாலம் வெளியே இருக்கக் காங்கிரஸே சட்டம் போட்டு அனுமதித்தது.

செய்தித்தாள் அறிவிப்பைத் தாண்டிப் போகாதீர்கள். 1879 சட்டத்துக்குப் பின் நிரூபண நாளையும் நான்கு சாட்சிகளின் பெயரையும் நிலத்துக்கு அருகிலுள்ள செய்தித்தாளில் முன்கூட்டியே வெளியிட வேண்டும். நான்கில் இருவர் வந்து சொல்வார்கள். அந்த நான்கு பேர் யார் என்பதைக் கடிதங்களில் தேடுங்கள்.

பட்டயமே இல்லாவிட்டால்

கடிதத்தில் நிலம் உண்டு, பட்டயப் பட்டியலில் ஆள் இல்லை. இது அடிக்கடி நடக்கும். பலர் இந்த இடத்தில் தேடலை நிறுத்திவிடுகிறார்கள். அது பெரிய இழப்பு. விண்ணப்பித்தவர்களில் ஏராளமானோர் நிரூபணம்வரை போகவில்லை. சிலர் கைவிட்டார்கள், சிலர் தங்கள் உரிமையை விட்டுக்கொடுத்து அடுத்து வருபவரிடம் பணம் வாங்கிக்கொண்டார்கள், சிலர் வழக்கில் இழந்தார்கள். துயரமான கடிதங்கள் பெரும்பாலும் இந்தக் குடும்பங்களுடையவை.

இவர்களைப் பிடிக்க டிராக்ட் புத்தகம் வேண்டும். டவுன்ஷிப் வாரியாக, ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் யார் யார் விண்ணப்பித்தார்கள் என்று நில அலுவலகம் எழுதிவைத்த பேரேடு. ஃபேமிலிசர்ச் தளத்தில் படங்களாக இருக்கிறது. பெயர் அட்டவணையை நம்பாமல் டவுன்ஷிப், ரேஞ்ச் வரிசையில் பக்கம் புரட்டிப் போவதே நல்லது. எச்.ஈ. என்றால் ஹோம்ஸ்டெட் விண்ணப்பம், எஃப்.சி. என்றால் இறுதிச் சான்று, டி.சி. மரவளர்ப்பு, டி.எஸ். முன்னுரிமை அறிக்கை. பெயரின்மேல் கோடு போட்டு ரத்து என்று ஒரு தேதி இருந்தால், அந்தத் தேதிக்கு முந்தைய ஆறு மாதக் கடிதங்களை மறுபடி படியுங்கள். அதே நிலத்துக்கு அடுத்த பெயர் உடனே, அதே நாளிலோ மறுநாளிலோ பதிவாகியிருந்தால் உரிமை விலைக்குக் கைமாறியது என்று பெரும்பாலும் கொள்ளலாம். ரத்தான விண்ணப்பங்களுக்கும் காப்பகத்தில் கோப்பு இருக்கக்கூடும். கேட்கும்போது விண்ணப்ப எண்ணையும் நில அலுவலகப் பெயரையும் கொடுத்து, ரத்தானது என்று தெளிவாக எழுதுங்கள்.

ரத்து இல்லாமலும் பெயர் மறையலாம். கணவன் இடையில் இறந்தால் மனைவியோ வாரிசுகளோ நிரூபணம் செய்யலாம். பட்டயம் விதவையின் பெயரில் வரும். மணமாகாத பெண் தன் பெயரில் எடுத்து, நிரூபணத்துக்கு முன் மணம் செய்தால் இரண்டு குடும்பப்பெயரிலும் தேட வேண்டும்.

கவுண்டி அலுவலகத்தில்

நிலம் தனியார் கைக்கு வந்தபின் கதை கவுண்டிப் பத்திரப்பதிவு அலுவலகத்துக்குப் போகிறது. விற்றவர் அட்டவணை, வாங்கியவர் அட்டவணை இரண்டும் இருக்கும். நெப்ராஸ்காவில் செக்‌ஷன் வாரியான எண் அட்டவணையும் உண்டு. உங்களிடம் நில விவரம் இருப்பதால் அதையே முதலில் கேளுங்கள். அடமானங்களைத் தவறாமல் எடுங்கள். நிரூபணம் முடிந்த சில வாரத்துக்குள் அடமானம் பதிவாகியிருந்தால், நிரூபணத்துக்கே கடன் வாங்கியிருக்கலாம், அல்லது கடன் வாங்குவதற்காகவே அவசரமாக நிரூபித்திருக்கலாம். எது என்று கடிதம் சொல்லும். கால்நடை அடமானப் புத்தகம் தப்பியிருந்தால் குதிரையின் பெயர், நிறம், வயதுவரை கிடைக்கும். கடிதத்தில் பிள்ளைகள் கொஞ்சிய அதே குதிரையாக இருக்கலாம். வரிப் பட்டியலில் நிலம் முதன்முதலாக எந்த ஆண்டு வருகிறதோ, நிரூபணம் அதையொட்டி முடிந்திருக்கும். அரசு நிலத்துக்கு வரி இல்லை.

1890 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1921 தீவிபத்தில் சேதமாகிப் பெரும்பாலும் இல்லாமல் போனது. நெப்ராஸ்காவுக்கு 1885 மாநிலக் கணக்கெடுப்பு அந்த இடைவெளியை ஓரளவு நிரப்பும். அதில் விவசாயப் பட்டியலும் இருப்பதால் ஏக்கர், மாடு, கோழி, வெண்ணெய் எண்ணிக்கையைக் கடிதத்தோடு ஒப்பிடலாம்.

கிடைத்ததையெல்லாம் ஒரே விரிதாளில் தேதி வரிசையில் போடுங்கள். தேதி, அந்தத் தேதி எழுதியிருந்ததா கணித்ததா, மூலம், நில விவரம், சொல்லப்பட்ட செய்தி, அதை மறுக்கும் மூலம் என்று ஆறு பத்தி போதும். பட்டயத்தை ஒரு வரியாகவும் நிரூபண நாளை இன்னொரு வரியாகவும் பிரித்தே எழுதுங்கள். வரிகள் நடுவே எங்கே இரண்டு மூன்று ஆண்டு வெற்றிடம் இருக்கிறதோ, அடுத்த தேடல் அங்கே.

அந்த வெற்றிடத்துக்குப் பெரும்பாலும் விடை சொந்தக் குடும்பத்தின் தாள்களில் இருக்காது. சாட்சி சொன்ன அண்டை வீட்டாரின் கோப்புகளையும் வரவழையுங்கள். உங்கள் குடும்பத் தலைவர் அவர்களுக்குச் சாட்சி சொன்னபோது தன் வயது, தபால் முகவரி, அவர்களை எத்தனை ஆண்டாகத் தெரியும், தன் வீடு அவர்களுடைய நிலத்திலிருந்து எவ்வளவு தூரம் என்றெல்லாம் சொல்லிக் கையெழுத்தும் போட்டிருப்பார்.